தாள் பெறாத திறமை: பாரிட் புந்தார் வட்டாரத் தோட்டங்களில் சான்றிதழின் வரலாறு

பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த பாரிட் புந்தார், கிரியான் மாவட்டத்தின் தலைமை நகரமாகும். ஆற்றைக் கடந்தால் கெடாவின் பண்டார் பாரு, சற்றே வடக்கில் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் என்று மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கி வரும் இந்தத் தாழ்நிலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்பும், 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துடன் நிறைவுற்ற கிரியான் பாசனத் திட்டத்துக்குப் பின் நெல்லும், ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கரும்பை அகற்றிவிட்டு ரப்பரும் தென்னையும் பரவின. கரும்புக்கும் ரப்பருக்கும் உழைப்பைத் தந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அந்த உழைப்பை அளந்து, தரம் பிரித்து, இன்னார் இன்ன வேலைக்குத் தகுதியுடையவர் என்று தீர்மானித்த முறைகள் காலந்தோறும் மாறிவந்தன. அம்மாற்றத்தின் ஊடாகக் கைத்திறனுக்கும் எழுத்துச் சான்றுக்கும் இடையே வளர்ந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

தகுதியை எழுத்தில் வரையறுக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறைப்படி ஊர் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவராகவும், வேதக் கல்வி உடையவராகவும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. அரைக்கால் வேலி மட்டுமே உடையவர் ஒரு வேதத்தோடு ஒரு பாடியத்தையும் கற்றிருந்தால் அவரையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று அதே கல்வெட்டு விலக்கு அளிப்பதால், கல்வி சொத்துக்கு ஈடாக எண்ணப்பட்ட ஒரு சமுதாயத்தை அதில் காணமுடிகிறது. தச்சர், கொல்லர், குயவர் ஆகியோரை இத்தகைய எழுத்து தொடவில்லை. அவர்கள் செய்த பொருளே அவர்கள் திறமைக்குச் சான்றாக நின்றது. எனினும் அத்தொழில்களுக்குள் நுழையும் வாசலைப் பிறப்பு காவல் காத்தது என்பதை மறந்துவிட்டு, சான்றிதழ் இல்லாத பழங்காலத்தைப் பொற்காலமாகக் கருதுவது பிழையாகும். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி, மெட்ரிகுலேஷன் தேர்வும் பட்டமும் அரசு வேலைக்கு வழியாக மாறியபோது, சாதியின் பிடியிலிருந்த சிலருக்கேனும் அது புதிய வழியைத் திறந்தது, பி.ஏ. தேர்வு எழுதித் தேறாதவர் அதையே தம் பெயருக்குப் பின்னால் தகுதியாகக் குறிப்பிடும் அளவுக்கு அத்தேர்வின் மதிப்பும் ஓங்கியது.

கிரியானின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரிடம் இருந்த முதல் தாள், அவர்கள் திறமையைப் பற்றி எதுவும் சொல்லாத ஒப்பந்தப் பத்திரமாகும். குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் வேலை செய்யும்படி தொழிலாளியைக் கட்டிப்போடும் இந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்படுவதற்கு முன்பே, ரப்பர் தோட்டங்களில் கங்காணி முறை வேரூன்றிவிட்டது. கங்காணி என்பவர் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே, தம் சொந்த ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டிவரும் தலைவர். 1907-இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் கட்டணம் முதலிய செலவுகளை ஏற்றுக்கொண்ட பின், ஆள் திரட்டப் போகும் கங்காணிக்கு உரிமச் சீட்டு தேவைப்பட்டது. இந்த உரிமத்தின் விதிகள் தனிக் கவனத்துக்கு உரியவை. கங்காணி தொழிலாளர் வகுப்பைச் சேர்ந்தவராகவும், எந்தத் தோட்டத்துக்கு ஆள் திரட்டுகிறாரோ அதே தோட்டத்தில் குறைந்தது மூன்று மாதங்கள் வேலை செய்தவராகவும் இருக்க வேண்டும் என்று அவை கோரின. பொய் வாக்குறுதி தந்து ஆள் பிடிக்கும் தரகரைத் தடுப்பது இதன் நோக்கமாக இருந்தது. அது முழுமையாக நிறைவேறவில்லை என்பதைக் கங்காணிகளின் கடன் வலையில் சிக்கியவர்களின் வரலாறு காட்டுகிறது. ஆயினும், தோட்டத் தொழிலாளரின் நேரடி அனுபவத்தையே தகுதியாக ஏற்றுக்கொண்டு அந்தக் காலத்தில் வழங்கப்பட்ட மிக அரிய தாள்களில் இது ஒன்று எனலாம். திறமையற்ற தொழிலாளர் உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தபோது அந்த உரிமமும் பொருளற்றுப்போனது.

தோட்டத்தின் உள்ளமைப்பு ஓர் ஏணியாகவே இருந்தது. ஆனால் அதன் நடுவே ஒரு படி இல்லை. பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தை வெட்டிப் பால் எடுக்கும் தொழிலாளி, தண்டல் என்றும் மண்டோர் என்றும் அழைக்கப்பட்ட மேற்பார்வையாளராக உயரலாம். அதற்கு மேலிருந்த கிராணி பதவிக்கு அவர் ஏறமுடியாது. கிராணி என்பவர் எழுத்தர். அலுவலகக் கணக்கைப் பார்ப்பவர் பெரிய கிராணி என்றும், காட்டில் வேலையைக் கண்காணிப்பவர் வெளிக்காட்டுக் கிராணி என்றும் அறியப்பட்டனர். இவ்விரு பதவிகளுக்கும் ஆங்கிலக் கல்வி தேவைப்பட்டதால், யாழ்ப்பாணத்தின் மிஷன் பள்ளிகளில் படித்துவந்த தமிழரும் மலையாளிகளும் அவற்றில் அமர்ந்தனர். கிரியான் வட்டாரத்துச் சிறுவன் ஒருவன் அத்தகைய கல்வியைப் பெற விரும்பினால், நகரத்து மிஷன் பள்ளியில் சேரவேண்டும், அல்லது ரயில் ஏறித் தைப்பிங்கில் 1883-இல் தொடங்கி 1905-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் பள்ளி என்று பெயர் மாறிய நிறுவனத்துக்கோ பினாங்குப் பள்ளிகளுக்கோ செல்லவேண்டும். பள்ளிச் சம்பளம், சீருடை, ரயில் கட்டணம், அனைத்துக்கும் மேலாக அவன் வேலைக்குப் போகாததால் வீட்டில் குறையும் வருமானம் ஆகியவற்றைத் தாங்கும் ஆற்றல் லயம் என்னும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்த குடும்பத்துக்கு அரிதாகவே வாய்த்தது. ஜூனியர் கேம்பிரிட்ஜ், சீனியர் கேம்பிரிட்ஜ் என்று இங்கிலாந்திலிருந்து வினாத்தாள் வந்து, அங்கேயே விடைத்தாள் திருத்தப்பட்ட தேர்வுகள் கிராணி வேலைக்கான அளவுகோலாக ஆயின. வெளிக்காட்டுக் கிராணியின் அன்றாட வேலையோ, எந்த மரத்தில் காயம் பட்டிருக்கிறது, எந்த நிரையில் பட்டை வீணாகிறது, யார் வேலைக்கு வரவில்லை என்று கண்டு எழுதுவது. அதை அவரைவிட நன்றாக அறிந்த மண்டோர் அவர் அருகிலேயே நின்றார்.

கிராணிக்கு மேலே நிர்வாகிகளாக இருந்த துரைமாரின் நிலையை இதோடு ஒப்பிட்டால்தான் சான்றிதழின் அரசியல் விளங்கும். பிரித்தானியாவிலிருந்து இளவயதில் உதவி நிர்வாகியாக வந்த சின்ன துரை, வேளாண்மைப் பட்டமோ பயிற்சிச் சான்றோ இல்லாமல், வேலையில் இருந்துகொண்டே தோட்டத் தொழிலைக் கற்றார். அவருக்குக் கற்பித்தவர்கள் பெரிய துரையும், சொல்லப்போனால் அதைவிட அதிகமாகத் தண்டல்களும் கிராணிகளும்தாம். அரசுப் பணியிலும் இதே நிலைதான். மலாயா சிவில் சேவைக்கான போட்டித் தேர்வில் தூய ஐரோப்பிய வம்சத்தவர் மட்டுமே அமரலாம் என்று 1904-இல் விதி வந்தபின், எத்தனை உயர்ந்த சான்றிதழும் உள்ளூர்த் தமிழனையோ சீனனையோ அந்த அறைக்குள் கொண்டுசெல்ல இயலவில்லை. கீழிருந்து ஏறுபவரிடம் சான்றிதழைக் கேட்டுவிட்டு, சான்றிதழுடன் வந்தவரிடம் வம்சத்தைக் கேட்ட ஓர் அமைப்பு, திறமையைத் தேடியது என்று யாரும் சொல்லமுடியாது.

துரைமாருக்கு விதிக்கப்பட்ட தேர்வு ஒன்று உண்டு. அது தமிழ்த் தேர்வு. 1919-இல் நிறுவப்பட்ட தோட்ட நிர்வாகிகள் சங்கம், தொழிலாளரின் மொழியில் கட்டளையிடவும் வழக்கு விசாரிக்கவும் துரைமார் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தமிழிலும் மலாயிலும் மொழித் தேர்வுகளை நடத்தியது. அதில் தேறுவது ஒரு சின்ன துரையின் முன்னேற்றத்துக்கு உதவியது. பிறந்தது முதல் அம்மொழியைப் பேசி, அதிலேயே கணக்கிட்டு, அதிலேயே சண்டையிட்டுச் சமாதானமும் செய்த தொழிலாளிக்கு அதே தமிழறிவு எந்தப் பதவிக்கும் தகுதியாகக் கொள்ளப்படவில்லை. ஒரே அறிவு, உடையவரின் இடத்தைப் பொறுத்துத் தகுதியாகவும் தகுதியின்மையாகவும் மாறிய இந்த நிலை, கிரியானுக்கு மட்டுமன்றி மலாயாத் தோட்டங்கள் முழுமைக்கும் பொதுவாக இருந்தது.

இனி, தாளே வழங்கப்படாத அந்தத் திறமையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். பால்மரத்தின் பால் மரத்தின் நடுவே இல்லை. வெளிப்பட்டைக்கும், மரத்தைப் பருக்கவைக்கும் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலத்துக்கும் இடையே உள்ள மென்பட்டையில், நுண்ணிய குழாய்களில் அது நிறைந்திருக்கிறது. குழாய்கள் படலத்தை நெருங்க நெருங்க மிகுதியாக உள்ளன. எனவே வெட்டுபவர் ஆழமாகச் செல்லச் செல்லப் பால் கூடும்; ஆனால் படலத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் காயம் உண்டாகி, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, பின்னாளில் அங்கே உளி ஓடாது. படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கவேண்டும் என்பது விதி. அந்த ஒரு மில்லிமீட்டரை அளக்க வெட்டுபவரிடம் கருவி எதுவும் இல்லை. உளிமுனையில் பட்டை தரும் எதிர்ப்பின் மாற்றமும், பால் கசியும் வேகமும், மரத்துக்கு மரம் வேறுபடும் பட்டையின் தடிப்பைப் பற்றிய நினைவுமே துணை. குழாய்கள் சற்றே சாய்ந்து மேலேறுவதால், அவற்றை அதிக எண்ணிக்கையில் அறுக்கும்பொருட்டு, வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் அமைய வேண்டும்; ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டும், ஏனெனில் தடிப்பாகச் சீவினால் ஆண்டுகளுக்கு வரவேண்டிய பட்டை மாதங்களில் தீர்ந்துவிடும்.

மரத்தைச் சிதைக்காமல் ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் இந்த முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் எச். என். ரிட்லி வகுத்தார் என்பது நூல்களில் உள்ள வரலாறு. பேராக்கின் கோலா கங்சாரில் 1877-இல் பிரித்தானிய ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட மரங்கள் அதற்கும் முற்பட்டவை. 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டின் ஆழம், சரிவு, இடைவெளி ஆகியவற்றை மேலும் நுணுகி ஆராய்ந்தது. ஆனால் அந்த ஆராய்ச்சியின் பயன் முழுவதும், விடியுமுன் பிரட்டுக்களம் என்னும் கூடுமிடத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் நிரைக்குள் நுழைந்து, மரத்துக்குள் நீரழுத்தம் குறையுமுன் முந்நூறு முதல் ஐந்நூறு மரங்களை முடிக்க வேண்டியிருந்த ஆண் பெண் தொழிலாளரின் மணிக்கட்டைச் சார்ந்திருந்தது. முதல் மரத்தில் காட்டிய கவனத்தை நானூறாவது மரத்திலும் காட்டுவதே அந்தத் தொழிலின் அருமை.

அத்திறமை மதிப்பிடப்படாமல் இருந்தது என்று கொள்வது தவறு. தோட்டத்தில் அதைப்போல் கடுமையாகச் சோதிக்கப்பட்ட திறமை வேறில்லை. மண்டோரும் வெளிக்காட்டுக் கிராணியும் மரங்களைத் தேர்ந்து, கூர்முனைக் கம்பியைப் பட்டையில் குத்தி எஞ்சிய தடிப்பை அளந்தனர், காயங்களை எண்ணினர், மாதந்தோறும் எவ்வளவு பட்டை தீர்ந்தது என்பதற்கு மரத்திலேயே குறியிட்டனர். நிறுவைக் கொட்டகையில் பாலின் எடை பார்க்கப்பட்டது. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் அதில் எவ்வளவு காய்ந்த ரப்பர் தேறும் என்று கணிக்கப்பட்டது. தண்ணீர் கலந்தால் அதுவும் வெளிப்பட்டது. இத்தனை அளவுகளும் கிராணியின் செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகத்திலும் கண்காணிப்புக் குறிப்பேட்டிலும் ஏறி, அங்கேயே நின்றன. அவற்றின் நகல் தொழிலாளியின் கைக்கு வரவில்லை. இருபது ஆண்டுகள் காயமின்றி வெட்டிய ஒருவர் அத்தோட்டத்தை விட்டுச் சென்றால், அடுத்த தோட்டத்தில் அவர் மீண்டும் ஒரு பெயர். அவருடைய புகழ் பழைய தண்டலின் வாய்ச்சொல்லில் மட்டும் இருந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பெற்றுத்தந்த ஊதிய ஒப்பந்தங்கள் தொழிலாளரின் வாழ்வை உயர்த்தின. எனினும் அவை பாலின் எடையையும் ரப்பரின் சந்தை விலையையும் கணக்கில் கொண்ட அளவுக்கு, மரத்தின் ஆயுளைக் காத்த கையின் தரத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

சான்றிதழ் நியாயமாகவே கோரப்பட்ட இடமும் தோட்டத்தில் இருந்தது. டிரஸர் என்று அழைக்கப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர், மருத்துவர் எப்போதாவது மட்டுமே வந்துபோகும் தோட்டத்தில் ஊசி போடுவது, மருந்து கலப்பது, பிரசவம் பார்ப்பது, காய்ச்சல்காரரை நகர மருத்துவமனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது என அனைத்தையும் செய்தார். மலேரியா கொன்று குவித்த காலத்தில் கொய்னாவைச் சரியான அளவில் கொடுத்த ஒரு நல்ல டிரஸர் பல குடும்பங்களைக் காத்தார். அரைகுறையாகக் கற்றவர் செய்த தீங்கோ மண்ணுக்குள் போனது. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து, பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அப்பணியைச் செய்யலாகாது என்ற நிலை உருவானது தாமதமாக வந்த நன்மையாகும். பட்டையில் பட்ட காயத்தை மறுநாளே எவரும் காணலாம். தவறான மருந்தை விழுங்கும் நோயாளி அதை அறியும்போது காலம் கடந்திருக்கும். பாதிக்கப்படுபவரால் வேலையின் தரத்தை முன்கூட்டிக் காணமுடியாத இடத்தில் அரசு ஒருவரைச் சோதித்துச் சான்று வழங்குவது ஏழைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

நெல்லும் இயந்திரமும் இணைந்த கிரியானில் இன்னொரு சான்றிதழும் உண்டு. உமியை எரித்து நீராவி உண்டாக்கிய அரிசி ஆலைகளிலும், ரப்பர் தாள்களை அழுத்திய ஆலைகளிலும், கொதிகலனையும் எஞ்சினையும் இயக்குபவர் அரசின் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று இயந்திரச் சட்டங்கள் விதித்தன. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை மற்றும் இயந்திரச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. வெடித்தால் ஆலையே போய்விடும் என்பதால் இக்கட்டுப்பாடு வந்தது. இதன் சிறப்பு, கொதிகலன் அருகே வேலை செய்த காலத்தைக் காட்டிய பின்பே ஒருவர் தேர்வுக்கு அமரலாம் என்பதில் இருந்தது. நெருப்புப் போடும் ஆளாகத் தொடங்கியவரும் எஞ்சின் டிரைவராகச் சான்று பெறலாம். அப்படிப் பெற்றவர் தோட்டத்தை விட்டாலும் பினாங்கு மாநிலத்தின் பிறை நகரத்து ஆலைக்கோ ஈப்போவின் ஈய வயலுக்கோ அந்தத் தாளுடன் செல்லமுடிந்தது. பால் வெட்டியவருக்கு அது கிட்டவில்லை.

தோட்டப் பள்ளிகள் இந்த ஏணியின் அறுந்த படியை இணைத்திருக்க வேண்டியவை. 1912-இலும் 1923-இலும் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடமை விதித்தன. சட்டம் கட்டடத்தைக் கேட்ட அளவுக்கு ஆசிரியரைக் கேட்கவில்லை; கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வேலை முடிந்த நேரத்தில் வகுப்பெடுத்த பள்ளிகள் பல. பயிற்சிச் சான்று இல்லாத அந்த ஆசிரியர்களைத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரே அறையில் நான்கைந்து வகுப்புகளைக் கட்டிமேய்த்து, மணலிலும் பலகையிலும் எழுத்தறிவித்து, தேவாரமும் நாடகமும் பழக்கிய அவர்கள் இல்லையேல் தோட்டங்களில் தமிழ் எழுத்தே நின்றிருக்காது. பின்னாளில் தமிழ் ஏழாம் வகுப்புத் தேர்ச்சியும் பயிற்சி வகுப்புகளும் ஆசிரியப் பணிக்கு அளவாயின. லயத்துப் பிள்ளை ஒன்று உளியைத் தவிர வேறொன்றைப் பிடிக்க இருந்த மிகச் சில வழிகளில் அதுவே முதன்மையானது.

விடுதலையை ஒட்டிய 1957-இன் கல்விச் சட்டமும் 1961-இன் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசிய முறைக்குள் கொண்டுவந்தன. தேர்வின் வலிமை முன்னிலும் கூடியது. ஆறாம் வகுப்பு முடிவில் நடந்த இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு, 1964 வரை, பன்னிரண்டு வயதிலேயே பெரும்பாலான தோட்டப் பிள்ளைகளை வடிகட்டி வெளியேற்றியது. 1965 முதல் எல்லோரும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லலாம் என்றான போது, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மொழி மாற்றத்துக்காக ஓராண்டு ரிமூவ் வகுப்பில் அமர்ந்தனர்; மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. என்னும் கீழ்நிலைச் சான்றிதழ்த் தேர்வு, 1978 முதல் அதன் இடத்தில் எஸ்.ஆர்.பி., ஐந்தாம் படிவத்தில் எம்.சி.இ. அல்லது எஸ்.பி.எம். என்று அடுத்தடுத்த வடிகட்டிகள் காத்திருந்தன. மலாய் மொழியில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை. தோட்டத்திலிருந்து பாரிட் புந்தாருக்கோ பாகான் செராய்க்கோ பேருந்தில் வந்துபோய், மாலையில் ஒட்டுப்பால் பொறுக்கப் பெற்றோருக்கு உதவிய மாணவன், நகரத்தில் தனி வகுப்புக்குச் சென்ற மாணவனோடு ஒரே வினாத்தாளை எழுதினான். வினாத்தாள் இருவருக்கும் ஒன்றாக இருந்தது என்பதாலேயே போட்டி சமமாக நடந்தது என்று சமுதாயம் நம்பியது. அந்த நம்பிக்கை, தோற்ற பிள்ளையைத் தன்னைத்தானே மட்டமாக எண்ணவைத்ததுதான் இவ்வரலாற்றில் மிகக் கொடிய பகுதி.

இதே ஆண்டுகளில் தோட்டமும் கலைந்துகொண்டிருந்தது. 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பியர் விட்டுச்சென்ற தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்க 1960-இல் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. உரிமையாளராவதற்கு அங்கே பங்குத் தொகை போதும், படிப்பு வேண்டாம் என்பது அந்தத் திட்டத்தின் பெருமை. பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் பெறவேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் 1969-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுத் திரும்பினர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பலர் பல்லாண்டுகள் பால் வெட்டியவர்கள். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையுடன் நின்ற ஒருவரிடம், அவர் எத்தனை ஆயிரம் மரங்களைக் கெடுக்காமல் காத்தார் என்று கேட்க எந்த விண்ணப்பத்திலும் இடமில்லை.

1970-களில் பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்பேட்டைகள் எழுந்து, தொழிற்சாலைப் பேருந்துகள் கிரியானின் தோட்டங்கள்வரை வந்து ஆள் ஏற்றத் தொடங்கின. ரப்பர் காடுகள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. ஆட்சேர்ப்பு மேசையில் சான்றிதழ் முதலில் கேட்கப்பட்டது, எல்.சி.இ. அல்லது எஸ்.ஆர்.பி. இருந்தவர் இயந்திரத்தின் பக்கமும், இல்லாதவர் மூட்டை தூக்கும் பக்கமும் பிரிந்தனர். ஒரு மில்லிமீட்டர் ஆழத்தை இருட்டில் கையால் உணர்ந்த பெண்கள், மின்னணுச் சாதனங்களின் நுண்கம்பிகளை இணைக்கும் வேலைக்கு எவ்வளவு பொருத்தமானவர்கள் என்பதைச் சொல்ல அவர்களிடம் எந்தத் தாளும் இல்லை. அந்த வேலை அவர்களின் மகள்களுக்குச் சென்றது, அதுவும் மகள்கள் மூன்றாம் படிவம் வரை படித்திருந்தால் மட்டுமே. தோட்டம் விற்கப்பட்டபோது நாற்பது, ஐம்பது வயதில் வெளியேறிய தலைமுறை காவல் வேலையிலும், துப்புரவு வேலையிலும், கடைகளில் எடுபிடியாகவும் கரைந்தது. அரசு ஆவணங்கள் அவர்களைத் திறனற்ற தொழிலாளர் என்றே வகைப்படுத்தின. சான்றிதழ் என்பது ஒருவரின் திறமையை அவரைக் காணாதவரிடம் கொண்டுசேர்க்கும் கருவி. அந்தக் கருவி மறுக்கப்பட்டவரின் திறமை, அவர் வேலை செய்த மரத்தோடு தங்கிவிட்டது.

கையால் கற்ற தொழிலுக்கும் சான்று வழங்கும் எண்ணம் மலேசியாவில் 1970-களிலேயே தோன்றி, 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தில் உறுதியான வடிவம் பெற்றது. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை, பயிற்சி நிலையத்தில் படித்தும் பெறலாம், வேலையிடத்தில் பயின்றும் பெறலாம். பல ஆண்டுகள் ஒரு தொழிலைச் செய்தவர் தம் அனுபவத்தைக் காட்டியும் பெறலாம். மூன்றாவது வழியான முந்தைய சாதனை அங்கீகாரத்தில், விண்ணப்பிப்பவர் அந்தத் தொழிலுக்கான தேசியத் தரத்தின் ஒவ்வொரு கூறுக்கும் தாம் செய்த வேலையை ஆதாரத்துடன் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க, மதிப்பீட்டாளர் அதைச் சோதிக்கிறார். நிபோங் திபால் பக்கத்தில் தொழிற்பயிற்சி நிலையமும், 2001-இல் அங்கே இடம்பெயர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் அடுத்தடுத்து இருக்க, பாரிட் புந்தாரின் பட்டறைகளில் பத்து வயது மூத்தவரிடம் எடுபிடியாக நின்று வெல்டிங்கும் மோட்டார் பழுதும் கற்ற இளைஞர்களுக்கு இந்த மூன்றாம் வழி மிகவும் பயன்படக்கூடியது. ஆனால் அந்தக் கோப்பை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தொகுக்க வேண்டும். பள்ளியில் எழுத்தோடு போராடித் தோற்றதால்தான் பட்டறைக்கு வந்தவர், தம் கைத்திறனை நிறுவ மீண்டும் எழுத்தின் முன்னே நிற்கிறார். எழுத உதவும் ஒருவர் அருகில் இருந்தால் அவர் தேறுகிறார். இல்லையென்றால் விண்ணப்பமே செய்வதில்லை. கூட்டுறவுச் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் பள்ளி மேலாளர் வாரியங்களும் கல்வி நிதிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இக்கோப்புகளை எழுதித்தருவதில் காட்டினால், இவ்வட்டாரத்தில் பலருக்கு அந்தத் தாள் கைக்கு வரும்.

கிரியானின் செம்பனைக் காடுகளில் இன்று குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். பழத்தின் நிறத்தையும், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் லூஸ் பழங்களையும் கண்டு, எந்தக் குலை பழுத்தது, எது இன்னும் காய் என்று தலைக்கு மேல் பல அடி உயரத்தில் அவர்கள் தீர்மானிக்கிறார்கள். காய்க்குலையை அறுத்தால் ஆலையில் எண்ணெய் குறையும், காலம் தாழ்த்தினால் எண்ணெயின் தரம் கெடும். அவர்களிடம் உள்ள பெர்மிட், அவர்கள் யாரிடம் எதுவரை வேலை செய்யலாம் என்பதைக் கூறுகிறது. அறுவடைக்கும் எஸ்.கே.எம். தரங்கள் உருவாகியுள்ள இந்நாட்டில், அவர்கள் ஊர் திரும்பும்போது அவர்கள் திறமைக்கும் ஒரு சான்றைக் கொடுத்தனுப்புவதைப் பற்றித் தோட்ட நிர்வாகங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.